அதுபாட்டுக்கு இருக்கட்டும்: மதுரையில் முதன்முறையாகப் பூனை வளர்க்கிறவர்களுக்கு

எங்கள் வீடு வைகைக்கு வடகரையில், செல்லூர்ப் பக்கம். எட்டு வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழை ராத்திரியில், வாசலில் இருந்த தண்ணீர் டிரம்முக்கு அடியில் ஒரு செவலைக் குட்டி கத்திக்கொண்டு கிடந்தது. துண்டைப் போட்டு அமுக்கிப் பிடித்து உள்ளே கொண்டுவந்தேன். கையெல்லாம் கீறல். தரையில் விட்டதுதான் தாமதம், பீரோவுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. நான் தரையில் குப்புறப் படுத்து, டார்ச் அடித்து, பால் கிண்ணத்தைக் காட்டி, விடிய விடியக் கூப்பிட்டேன். அது வரவில்லை. காலையில் எழுந்துவந்த அப்பத்தா என்னைப் பார்த்துச் சொன்னது: "ஏத்தா, அதுபாட்டுக்கு அது இருக்கட்டும், நீ உம்பாட்டுக்கு இரு. வரவேண்டிய நேரத்துல வரும்."

பூனை வளர்ப்பில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் அந்த ஒரு பேச்சுக்குள் அடக்கம். நாயைக் கூப்பிட்டால் வரும். பூனை தானாக வர வேண்டும். அப்படி வருவதற்கு வேண்டியதைச் செய்து வைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் நம் வேலை. தெரிந்தவர்கள் யாராவது முதன்முதலாகக் குட்டி எடுத்துவந்தால் போன் போட்டுக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

எடுப்பதற்கு முன்

வீட்டில் எல்லோரும் சம்மதித்தால் மட்டும் எடுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் வீட்டுப் பூனை 12 முதல் 15 வருடம், அதற்கு மேலும் இருக்கும். இன்றைக்கு ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளை ஆசைப்பட்டு எடுக்கிற குட்டி, அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும். வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூனை குறுக்கே போனால் ஆகாது என்று நினைக்கிற பெரியவர் வீட்டில் இருந்தால் வாதாட வேண்டாம். எங்கள் தெருவில் அப்படிச் சொன்ன இரண்டு பேர் மடியில் இப்போது பூனை தூங்குகிறது.

நாட்டுப் பூனையையே எடுங்கள் என்பது என் கருத்து. கடையில் பெர்சியன் குட்டி பஞ்சு மாதிரி அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அடர்ந்த முடியும் சப்பை மூக்கும் நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலுக்கு ஒத்துவராது. மூச்சு விடவே சிரமப்படும். நாட்டுப் பூனைக்கு இந்த வெயில் பழக்கம். வேண்டிய குட்டிகள் தெருவில் இருக்கின்றன. கீழமாசி வீதி மளிகைக் கடைக்காரர்களிடமோ, மீன் மார்க்கெட் பக்கத்திலோ சொல்லிவைத்தால் ஒரு மாதத்துக்குள் தகவல் வரும்.

குட்டிக்கு குறைந்தது எட்டு வாரமாவது ஆகியிருக்க வேண்டும். தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான் அது கடிக்கிற அளவு, நகம் போடுகிற அளவு எல்லாம் பழகும். பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி, பிறகு மனிதரிடம் சீக்கிரம் ஒட்டும். தெருவில் குட்டி தனியாகக் கத்தினால் உடனே தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம், அல்லது குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றிக்கொண்டிருக்கலாம். நாய்த் தொல்லையோ மழையோ இல்லாவிட்டால், தள்ளி நின்று சில மணி நேரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அன்று நான் பார்க்கவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது.

ஆணா பெண்ணா என்று குட்டியில் கண்டுபிடிப்பது கஷ்டம். கறுப்பு, செவலை, வெள்ளை மூன்றும் கலந்திருந்தால் அது ஏறக்குறைய எப்போதும் பெட்டைதான். முழுச் செவலை என்றால் பெரும்பாலும் கடுவன்.

வீட்டைத் தயார் செய்வது

குட்டி வருவதற்கு முந்தின நாளே ஒரு சிறிய அறையை ஒதுக்குங்கள். முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிட்டால் அது மிரளும். அறையில் நான்கு பொருள் போதும்: கவிழ்த்து வைத்து, பக்கவாட்டில் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று, தண்ணீருக்கு வாய் அகன்ற மண்சட்டி, சாப்பாட்டுத் தட்டு, எதிர் மூலையில் அது மலஜலம் கழிக்க மண் தொட்டி. அட்டைப்பெட்டி முக்கியம். ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் பூனை வெளியே வரத் துணியும்.

அடுத்து ஆபத்தானவற்றை அப்புறப்படுத்த வேண்டும். நம் வீடுகளில் தினமும் புழங்குகிற சில பொருட்கள் பூனைக்கு விஷம். முதலாவது பினாயில். பினாயிலில் உள்ள சில வேதிப்பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்துவிட்டு, பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகிறது. தண்ணீரில் ஊற்றியதும் பால் மாதிரி வெளுக்கிற கிருமிநாசினி எதையும் பூனை இருக்கும் வீட்டில் பயன்படுத்தாதீர்கள். வெறும் சோப்புத் தண்ணீரில் துடைத்து, காயவிட்டால் போதும். பீரோவில் போடுகிற அந்துருண்டை, சாமி அலமாரிக் கற்பூரம், எலி விஷம், நாய்க்கு உண்ணி போகப் போடுகிற பவுடர் எல்லாமே எட்டாத இடத்துக்குப் போக வேண்டும். நாய்க்கான உண்ணி மருந்து சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். விசேஷ வீட்டுப் பூங்கொத்தில் லில்லி இருந்தால் உள்ளேயே கொண்டுவராதீர்கள்; அதன் மகரந்தத் தூளை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். வேலியில் செங்காந்தள் படர்ந்திருந்தால் அதுவும் விஷம், கிழங்கு இன்னும் மோசம்.

மல்லிகை பூனையை ஒன்றும் செய்யாது. மதுரைக்காரர்களுக்கு அது ஆறுதலான செய்தி. ஆனால் மல்லிகையைக் கட்டுகிற நூல் அப்படி இல்லை. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

அம்மா சாயங்காலம் முறத்தில் மொட்டைக் கொட்டிக்கொண்டு பூக்கட்ட உட்காரும். செவலை பக்கத்திலேயே படுத்து, ஓடுகிற நூலைக் காலால் தட்டி விளையாடும். எங்களுக்கு அதைப் பார்ப்பதே பொழுதுபோக்கு. ஒரு நாள் காலையில் அது சாப்பிடவில்லை. மத்தியானம் வாயோரம் எச்சில் ஒழுகியது. இரண்டு தடவை வாந்தி எடுத்தது. சாயங்காலம் டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் வாயைத் திறந்து, கட்டைவிரலால் தாடைக்கு அடியிலிருந்து நாக்கை மேலே தூக்கிக் காட்டினார். நாக்கின் அடியில், வேர்ப்பகுதியில், ஒரு வெள்ளை நூல் சுற்றி, சதைக்குள் அழுந்திக் கிடந்தது. மறுமுனை தொண்டைக்குள் இறங்கிப் போயிருந்தது. "இழுக்காமக் கொண்டுவந்தீங்களே, அதுவே பெரிசு" என்றார். பூனையின் நாக்கில் இருக்கிற முள்ளெல்லாம் உள்நோக்கி வளைந்தவை. நூல் ஒரு முறை ஒட்டிவிட்டால் அதனால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொள்ள, மறு முனையைக் குடல் இழுக்க இழுக்க, குடல் சுருக்குப்பை மாதிரி மடிந்துவிடும். நாம் இழுத்தால் அறுத்தேவிடும். அன்று ராத்திரியே வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். தையல் பிரிக்கிற வரைக்கும் அம்மா அதைத் தன் பழைய சேலையில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தது. இப்போது எங்கள் வீட்டில் நூல்கண்டு எவர்சில்வர் டப்பாவுக்குள் இருக்கிறது. வாடிய சரத்தைக்கூடக் கொடியில் தொங்கவிடுவதில்லை. தையல் நூல், பட்டம் விடுகிற நூல், ரப்பர் பேண்ட், அரைஞாண் கயிறு எல்லாவற்றுக்கும் இதே கட்டுப்பாடு.

மிச்சம் இருப்பது: மாடி வராந்தாவுக்கு நைலான் வலை, தண்ணீர்த் தொட்டிக்கும் கிணற்றுக்கும் மூடி, வாஷிங் மெஷினைப் போடுவதற்கு முன் உள்ளே ஒரு பார்வை, வண்டி எடுக்கும் முன், அடியில் பூனை இருந்தால் ஓடிவிட, ஒரு முறை தட்டிப் பார்ப்பது.

முதல் ஒரு வாரம்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள், பிள்ளைகள் மாற்றி மாற்றித் தூக்குவார்கள், ஒளிந்திருப்பதைக் காலைப் பிடித்து இழுப்பார்கள். ஒரு வாரத்துக்கு இதெல்லாம் வேண்டாம்.

முதல் இரண்டு நாள் நீங்கள் செய்ய வேண்டியது அந்த அறைக்குள் போய்ச் சும்மா உட்காருவது. தரையில் உட்காருங்கள், நின்றால் நாம் அதற்கு மலை மாதிரித் தெரிவோம். கீரை ஆயலாம், வீட்டுப்பாடம் எழுதலாம், மெதுவாகப் பேசலாம். அதை மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள். பூனை உலகத்தில் கண்ணெடுக்காமல் பார்ப்பது சண்டைக்கு அழைப்பு. கிண்ணத்தில் உணவை வைத்துவிட்டு ஒவ்வொரு வேளையும் உங்கள் பக்கம் அரை அடி நகர்த்தி வையுங்கள்.

மூன்றாம் நாள் வாக்கில் அது எட்டிப் பார்க்கும். அப்போது இதைச் செய்து பாருங்கள். முகத்தைச் சற்றுத் திருப்பி, கண்ணைப் பாதி மூடி, மெதுவாக முழுதும் மூடி, ஒரு மூச்சு விட்டுத் திறங்கள். பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுபோகுமா என்று பழமொழி சொல்கிறோமே, பூனை உங்கள் முன்னால் கண்ணை மூடுகிறது என்றால் அது உங்களை நம்புகிறது என்று பொருள். 2020-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மனிதர் இப்படி மெதுவாகக் கண் சிமிட்டியபோது பூனைகளும் திருப்பிச் சிமிட்டின. முன்பின் தெரியாதவர் சிமிட்டிவிட்டுக் கை நீட்டியபோதும், சும்மா முகத்தோடு நீட்டியதைவிட, பூனைகள் அதிகம் நெருங்கி வந்தன. செவலை எனக்கு முதன்முதலில் கண் சிமிட்டியது ஐந்தாம் நாள் ராத்திரி. பீரோவுக்கு அடியில் இரண்டு பச்சைப் புள்ளி. ஒரு தடவை அணைந்து எரிந்தது. நான் மூச்சுவிடாமல் அப்படியே கிடந்தேன்.

தொடுவதற்கும் முறை இருக்கிறது. ஆள்காட்டி விரலை மடக்கின மாதிரி, அதன் மூக்கு உயரத்தில், ஒரு சாண் தள்ளி நீட்டுங்கள். அது வந்து முகர்ந்து, கன்னத்தை உங்கள் விரலில் தேய்த்தால் அனுமதி கிடைத்துவிட்டது. முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள். கன்னம், தாடை, காதடி மூன்றும் அதற்குப் பிடித்த இடங்கள். வயிறும் வாலடியும் வேண்டாம். மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவது தடவச் சொல்லி இல்லை, உங்கள் முன்னால் பயமில்லை என்று சொல்வதற்கு. நான்கு ஐந்து முறை தடவிவிட்டுக் கையை எடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அது தலையால் முட்டிக் கேட்கும். காது பின்னால் மடங்கினாலோ, வால் நுனி சட்சட்டென்று அடித்தாலோ, முதுகுத் தோல் துடித்தாலோ போதும் என்று அர்த்தம். அதற்கு மேலும் தடவினால் கடி வாங்குவீர்கள், தப்பு பூனை மேல் இல்லை. சுவிட்சர்லாந்தில் பூனைகளையும் அவற்றின் வீட்டாரையும் நெடுங்காலம் கவனித்தவர் டென்னிஸ் டர்னர். பூனை தானாகத் தொடங்குகிற கொஞ்சல் நீண்ட நேரம் நீடிக்கிறது, மனிதர் தொடங்குவது சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று அவர் கண்டார். இதைப் படித்த அன்று எனக்கு அப்பத்தா நினைவுதான் வந்தது.

பெயரை இந்த வாரத்திலேயே வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று எழுத்துக்குள், எல்லோரும் ஒரே மாதிரி கூப்பிடுகிற பெயராக இருக்கட்டும். உணவு வைக்கும்போது மட்டும் சொல்லுங்கள், திட்டும்போது சொல்லாதீர்கள். வீட்டுப் பூனைகளுக்குத் தங்கள் பெயர் மற்றச் சொற்களிலிருந்து பிரித்துத் தெரிகிறது என்று 2019-ல் ஜப்பானில் நடந்த ஆய்வு காட்டியது. கூப்பிட்டதும் எழுந்து வராமல் ஒரு காதை மட்டும் திருப்பினாலும் அதற்குக் கேட்டிருக்கிறது.

என்ன கொடுப்பது

பால்சோறும் தயிர்சாதமும் போட்டு வளர்த்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பூனை முழுக்க முழுக்க மாமிச உண்ணி. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதுமான அளவு தானாகச் செய்துகொள்ளாது. அது கறியிலும் மீனிலும்தான் கிடைக்கிறது. அது குறைந்தால் கண் பார்வை போகும், இதயத் தசை வீங்கித் தளர்ந்துவிடும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு தெரியவந்ததே 1987-ல்தான். நாய்த் தீவனம் போட்டு வளர்த்தாலும் இந்தக் குறை வரும். பாலைப் பொறுத்தவரை, வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்கு அது செரிக்காது, வயிற்றால் போகும்.

நான் செய்வது இதுதான். காலையில் கடையில் கிடைக்கிற பூனைத் தீவனம், 'முழுமையான உணவு' என்று உறையில் போட்டிருப்பதாகப் பார்த்து. சாயங்காலம் உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வேகவைத்த கோழிக்கறி, எலும்பு நீக்கி. வாரம் ஒரு நாள் கரிமேடு மார்க்கெட்டில் சாளையோ நெத்திலியோ வாங்கி, அவித்து, முள்ளெடுத்துக் கொடுப்பேன். மீனைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். கண்மாய்க் கெண்டை, சாளை மாதிரியான மீன்களில் பி1 வைட்டமினை அழிக்கிற ஒன்று இருக்கிறது, வெந்தால்தான் போகும். கருவாட்டில் உப்பு அதிகம். ஈரல் ருசிக்கு ஒரு துண்டு, அதற்கு மேல் வேண்டாம். குழம்பில் கிடந்த கறியைக் கழுவிக் கொடுத்தால் போதுமா என்று கேட்பார்கள். போதாது. வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும்.

நான்கு கிலோ பூனைக்கு உணவில் உள்ளதையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 மில்லி தண்ணீர் வேண்டும். மானாமதுரை மண்சட்டி ஒன்று வாங்கி, சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி வையுங்கள். மண்சட்டியில் தண்ணீர் குளுமையாக இருப்பதால் எங்கள் வீட்டுப் பூனைகள் பிளாஸ்டிக் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

மண் தொட்டி

இது சுலபம். பூனை வாலோடு சேர்த்துத் திரும்ப இடம் இருக்கிற அகலமான டப். நான்கு விரற்கடை உயரத்துக்குச் சலித்த மணலோ, மரப்பட்டறை மரத்தூளோ, கடையில் 'லிட்டர்' என்று விற்கிற பூனை மணலோ. சாப்பாட்டுக்குப் பின் குட்டியை அதில் இறக்கிவிட்டால் ஓரிரு நாளில் தானே பழகும். தினமும் அள்ளிவிடுங்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளுகிற வேலையை வேறொருவர் செய்யட்டும். பூனை மலத்தில் சில நேரம் இருக்கும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றக்கூடியதாக மாற ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், தினமும் அள்ளினாலே பயம் பெரிதும் குறையும். அதற்காகப் பூனையை விரட்ட வேண்டியதில்லை.

இரண்டு பூனை இருந்தால் மூன்று தொட்டி. தொட்டிக்கு வெளியே மலஜலம் கழித்துவிட்டால் அடிக்காதீர்கள். தொட்டி அழுக்கா, இடம் சரியில்லையா, உடம்புக்கு முடியவில்லையா என்று பாருங்கள்.

டாக்டரிடம்

எட்டாவது வாரத்தில் முதல் தடுப்பூசி. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்று பதினாறாவது வாரம் வரை. மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசி. பிறகு டாக்டர் சொல்கிற இடைவெளியில். குடற்புழு மருந்தும் சேர்த்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். முதல் ஊசி தடுப்பது பூனைப் பார்வோ மாதிரியான நோய்களை. ஊசி போடாத குட்டி வாந்தியும் பேதியுமாக இரண்டே நாளில் போய்விடும். அந்தக் கிருமி வீட்டில் ஒரு வருடம் வரை உயிரோடு இருக்கும். அப்படி ஒரு குட்டியை இழந்த வீட்டில், தரையைப் பிளீச்சிங் கரைசலால் துடைத்துக் காயவிட்டு, ஊசி போட்ட பூனையை மட்டும் கொண்டுவர வேண்டும்.

கருத்தடை அறுவையை ஐந்து மாதம் வாக்கில் செய்துவிடுங்கள். "பாவம், ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்கிறவர்களிடம் நான் ஒன்று கேட்பேன்: அந்தக் குட்டிகளுக்கு வீடு பார்த்துவிட்டீர்களா? பெட்டை நாலு மாதத்திலேயே சினை பிடிக்கும். ஒன்பது வாரத்தில் ஈனும். குட்டிகளைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அங்கிட்டுக் கொண்டுபோய் விடுகிற வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. பசியிலும் தாகத்திலும் சாகும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், பாலத்தடியில் அந்தச் சாக்கின் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். கடுவனுக்கும் செய்யுங்கள். வீட்டைவிட்டு ஓடுவதும், சண்டை போட்டுக் கிழிந்து வருவதும், சுவரில் மூத்திரம் அடிப்பதும் பெரிதும் குறையும்.

நம் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொல்லும். காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தால் தெரியாது, அதன் உடம்புச் சூடு இயல்பிலேயே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட்.

பூனை நோவை மறைக்கும். ஆகவே விடியும்வரை காத்திருக்கக் கூடாத சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கடுவன் மண் தொட்டிக்குத் திரும்பத் திரும்பப் போய் முக்குகிறது, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் நீர்க்குழாய் அடைத்திருக்கிறது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும், அந்த ராத்திரியே ஓடுங்கள். நாய் மாதிரி வாயைத் திறந்து இரைப்பதும் அப்படித்தான். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் காட்டிவிடுங்கள்; நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் அதன் கல்லீரல் கெட்டுப்போகும்.

உங்களைக் கடித்தாலோ, ரத்தம் வரக் கீறினாலோ, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வெறிநோய்த் தடுப்பூசி இலவசம். வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

அது பேசுவது

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அவ்வளவாக 'மியாவ்' சொல்லிக்கொள்வதில்லை. குட்டி தாயிடம் சொல்கிற அந்தச் சொல்லை, வளர்ந்த பிறகும் நமக்காக வைத்திருக்கின்றன. ஒரு வருடம் கூட இருந்தால் உங்களுக்கே பிரித்துத் தெரியும். கதவுக்கு ஒன்று, பசிக்கு ஒன்று, மாடியில் அந்நியப் பூனை வந்தால் ஒன்று.

வாலைக் கொடிக்கம்பமாக நிமிர்த்தி வந்தால் வணக்கம். கன்னத்தை உங்கள் காலில் தேய்ப்பது, அங்கே இருக்கிற சுரப்பியின் மணத்தை உங்கள் மேல் பூசி, நீங்கள் தன் ஆள் என்று எழுதி வைப்பது. மடியில் ஏறி முன்னங்காலால் சப்பாத்தி மாவு பிசைவது, பால் குடிக்கும்போது தாயின் மடியை அமுக்கிய பழக்கம். குறுகுறுவென்று தொண்டையில் ஓடும் சத்தம் பெரும்பாலும் நிறைவைச் சொல்வது. வலியிலும் அந்தச் சத்தம் வரும், ஆகையால் கூடவே சாப்பாட்டையும் கண்ணையும் பாருங்கள். செத்த எலியை வாசற்படியில் வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தால் திட்ட வேண்டாம். துணியால் எடுத்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிவிட்டு, ஒரு துண்டு கறி கொடுங்கள்.

பூனைக்கு வீடுதான் பெரிது, ஆள் பெரிதில்லை என்று ஊரில் சொல்வார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. 2019-ல் அமெரிக்காவின் ஆரெகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் குட்டிகளைப் பழக்கமில்லாத அறையில் வளர்ப்பவரோடு விட்டு, அவரை இரண்டு நிமிடம் வெளியே அனுப்பி, திரும்ப வரச்செய்து பார்த்தார்கள். ஏறக்குறைய 64 சதவீதக் குட்டிகள், அவர் வந்ததும் ஒட்டி நின்று ஆறுதலடைந்து, மறுபடி நிம்மதியாக அறையைச் சுற்றிப் பார்க்கப் போயின. அம்மா பக்கத்தில் இருக்கிறாள் என்ற தைரியத்தில் விளையாடுகிற பிள்ளைகளிடம் காண்பதும் இதேதான்.

தினமும் இரண்டு வேளை, விடியலிலும் இருட்டுகிற நேரத்திலும், பத்து நிமிடம் விளையாடுங்கள். பூனைக்கு வேட்டைச் சுறுசுறுப்பு வருகிற நேரம் அதுதான். மயிலிறகு ஒன்று போதும். தரையோடு இழுத்து, மூலையில் மறைத்து, கடைசியில் பிடிக்கவிட்டு, உடனே சாப்பாடு வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் காலைக் கடிக்காது. நகம் தீட்ட, கட்டில் காலில் தேங்காய் நார்க் கயிற்றை நெருக்கமாகச் சுற்றிக்கொடுங்கள், சோபா தப்பிக்கும்.

வெயில், வெடி, ஊருக்குப் போவது

சித்திரையில் தகர, சிமெண்ட் கூரை வீடுகளில் மத்தியானம் பூனையை மாடியறையில் பூட்டி வைக்காதீர்கள். சிமெண்ட் தரையில் ஈரச் சாக்கை விரித்தால் அதுவே தேடிவந்து படுக்கும். தீபாவளிக்கு முந்தின நாளிலிருந்தே உள்ளறை, அட்டைப்பெட்டி, சாத்திய ஜன்னல், ஓடுகிற மின்விசிறி. ஒளிந்த இடத்திலிருந்து சமாதானம் சொல்லித் தூக்க வேண்டாம், ஒளிந்திருப்பதே அதற்குச் சமாதானம்.

ஊருக்குப் போவதாக இருந்தால் பூனையைக் கூடையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுபோவதைவிட வீட்டிலேயே விட்டுப்போவது நல்லது. அதற்குத் தெரிந்த ஒருவர் தினம் இரண்டு வேளை வர வேண்டும். எங்களுக்கு எதிர்வீட்டு அக்கா இருக்கிறது. சாவியோடு சேர்த்து டாக்டர் நம்பரையும் கொடுத்துவிட்டு, உடுத்திக் கழற்றிய சேலை ஒன்றைத் துவைக்காமல் பூனை படுக்கும் இடத்தில் போட்டுவிட்டுப் போவோம்.

திரும்பி வந்ததும் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். செவலை முதல் ஒரு மணி நேரம் எங்களுக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் உட்கார்ந்திருக்கும். நாங்கள் பைகளைத் தரையில் வைத்து, அவற்றின் வாயைத் திறந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வோம். முதலில் பைக்கு வரும். செருப்பை முகரும், துணிகளை ஒவ்வொன்றாக முகரும், எந்த ஊர், யார் வீடு என்று விசாரிக்கிற மாதிரி. அப்புறம் அம்மாவின் முழங்கால். ஒரு முட்டு, இரண்டு முட்டு. மூன்றாவது முட்டுக்கு அம்மா விரலை நீட்டும்.